ஊருக்குப் போகும் உடம்பு

"வயிறு குறையணும், கை உறுதியாகணும். எந்தப் பயிற்சி சீக்கிரம் வேலை செய்யும்?" என்று கேட்டாள் லெய்மாஸ். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவிலிருந்து வந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து இறைச்சி ஆலையில் வேலை பார்ப்பவள். அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாள்.

ஜிம் பயிற்சியாளர் டார்சி கண்ணடித்தாள். "அங்கே ஆள் காத்திருக்கானோ?"

"ஆமா. மூணு வருஷமா என் பழைய போட்டோவுக்குத்தான் தினமும் முத்தம். வீடியோவுல வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறான்."

"குண்டானா பிடிக்காதாமா? அவனை விட்டுத் தள்ளுடி!"

"எப்படி விடறது? 'இந்தக் குண்டு அத்தை வேணாம், அம்மாவைக் கூப்பிடு'ன்னு அழறானே, நாலு வயசுப் பய!"

டார்சியின் சிரிப்பு நின்றது. ஒரு மணல் மூட்டையை எடுத்து லெய்மாஸின் கையில் வைத்தாள்.

"இதைத் தூக்கிப் பழகு. நாலு வயசுப் பையன் இந்தக் கனம்தான் இருப்பான்."

லெய்மாஸ் தூக்கினாள். இறக்கி வைக்கத்தான் மனசு வரவில்லை.