அடுத்த ஆள் வாங்க

பேசிக்கொண்டே வெங்காயம் நறுக்கிய கணவன் சமையலறைத் தரையில் மல்லாந்து கிடக்கிறான். பகல் வெயில் ஜன்னல் வழியே அவன் முகத்தில் விழுகிறது, இமை அசையவில்லை. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை ஊன்றி அவள் அழுத்துகிறாள், எண்ணுகிறாள், அழுத்துகிறாள். ஆலை ஆலையாகப் போய் முதலுதவி சொல்லித்தருவதுதான் அவள் பிழைப்பு. ரப்பர் பொம்மையைக் கிடத்தி ஆயிரம் தடவை செய்து காட்டிய வேலை இது. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பொம்மை 'டக்' என்று சத்தம் கொடுக்கும். அந்த 'டக்'குக்காக அவள் காது இப்போதும் காத்திருக்கிறது. இவன் நெஞ்சோ மௌனம் சாதிக்கிறது. "இன்னைக்காவது உன் பொம்மை பொழைச்சுதா?" என்று தினமும் வாசலிலேயே கேலி செய்கிற உதடுகள் நீலம் பாரித்துக் கிடக்கின்றன. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது, வந்தபாடில்லை. கைகள் பழகிய கதியில் போகின்றன. "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது." வகுப்பில் ஆளுக்கு முப்பது அழுத்தல்தான்; பழக்கதோஷம், சட்டென்று கைகளை எடுத்துவிட்டு நிமிர்கிறாள். "அடுத்த ஆள் வாங்க," என்கிறது அவளுடைய வகுப்புக் குரல். சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் "ஐயோ!" என்று பதறிக் குனிகிறாள். அதற்குள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மாமியார் முட்டிவலியோடு எதிரே மண்டி போட்டு, கைகளை மகனின் நெஞ்சுக்கு மேலே நீட்டுகிறாள்.

"எங்க அமுக்கணும்னு காட்டும்மா."