கோணல் மூக்கு அன்னம்

"இது அன்னமா, வாத்தா? நீயே சொல்லுடா."

அக்கா நீட்டிய மரத்துண்டைத் தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கடைத்தெருவில் பரிசுப் பொருள் கடை வைத்திருப்பவன். அக்காவும் அவள் புருஷனான மாமாவும் வீட்டில் செய்யும் மரப்பெட்டிகளுக்குத்தான் அங்கே கிராக்கி அதிகம். கறுப்பு மர மூடிக்குள் வெள்ளை மரத்தில் அன்னம், மீன், கொடி என்று பதித்திருக்கும். தடவிப் பார்த்தாலும் ஒட்டுத் தெரியாது.

"மூக்கைப் பார்த்தா வாத்துதான்," என்று சிரித்தான்.

"உங்க மாமா வெட்டினது."

சிரிப்பு நின்றுபோனது. தையல் மெஷின் ஊசி போல மேலும் கீழும் துடிக்கும் அந்த மெல்லிய ரம்பத்தில், ஊர்க்கதை பேசிக்கொண்டே ஈயின் இறக்கையைக்கூட வெட்டிவிடுகிற மனிதராயிற்றே மாமா!

"கை நடுங்குதுடா, ஆறேழு மாசமா. கறுப்பு, வெள்ளை ரெண்டு பலகையையும் அடுக்கி ஒண்ணா வெட்டறதால இடைவெளி விழறதில்ல. ஆனா உருவம் கோணிடுது."

"போன வாரம் கடைக்கு வந்ததெல்லாம் அச்சு மாதிரி இருந்துச்சே?"

அக்கா பின்பக்கத்துப் பட்டறையை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது நான் வெட்டினது. சாயங்காலம் அவர் நடக்கப் போனதும் வேற பலகையில மறுபடி வெட்டிடுவேன்."

"நீயா?"

தம்பிக்கு நம்ப முடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ரம்பத்தில் விரலைக் கிழித்துக்கொண்டு தையல் போட்டதிலிருந்து, அந்தச் சத்தம் கேட்டாலே அடுக்களைக்குள் போய்விடுகிறவள் அவள். தேய்ப்பதும் பாலீஷ் போடுவதும்தான் இனி என் வேலை என்று கறாராகச் சொல்லியிருந்தாள்.

"முதல் நாள் உள்ளங்கையெல்லாம் வேர்த்துப்போச்சு. வேற என்ன பண்றது? கோணலை அப்படியே அனுப்பி, அதை நீ திருப்பி அனுப்பினா அவர் உடைஞ்சுபோயிடுவார்டா. அந்தக் கைதான் அவருக்கு எல்லாம்."

"மாமா கண்டுபிடிக்கலையா?"

"தேய்ச்சதுல சரியாயிடுச்சுன்னு சொல்லுவேன். 'அப்படியா, நல்லது'ன்னுட்டுப் போயிடுவார். வெகுளி!" அக்காவுக்குக் கண் கலங்கியது. "எப்படியாவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ஆனா கை நடுங்குதுன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே."

தம்பி பெரிதாகத் தலையாட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனான். மரத்தூளுக்கு நடுவே மாமா காகிதத்தில் அன்னம் வரைந்துகொண்டிருந்தார்.

"வா மாப்ளே, உட்காரு."

"மாமா, எனக்கு ஒரு செக்கப் இருக்கு. துணைக்கு வர்றீங்களா? அப்படியே உங்களுக்கும் ஒண்ணு பார்த்துடலாம்."

"எனக்கு எதுக்கு?"

"பொதுவாத்தான். ரத்தம், கண்ணு, அப்புறம்... கை..."

அவ்வளவுதான். கடையில் நாள் முழுக்கக் கதை அளப்பவனுக்கு வீட்டில் ஒரு பொய் ஒழுங்காக வரவில்லை. மாமா பென்சிலைக் கீழே வைத்தார்.

"அக்கா சொன்னாளா?"

இந்த மனிதர் இப்போது உடைந்து அழுதால் என்ன செய்வது என்று தம்பி கதவுப் பக்கம் பார்த்தான்.

மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இருப்பதிலேயே மெல்லிய பிளேடாகப் பார்த்து எடுத்தார். அன்னத்தின் கண்ணுக்காகப் பலகையில் போட்டிருந்த ஊசித் துளைக்குள் அதை ஒரே தடவையில் நுழைத்து ரம்பத்தில் மாட்டினார். மெஷின் ஓடியது. கடுகளவு வட்டம் ஒன்று சுத்தமாக வெட்டுப்பட்டு உதிர்ந்தது. விரலில் துளி நடுக்கம் இல்லை.

தம்பி திருதிருவென்று விழித்தான். "அப்போ அந்த வாத்து?"

"மெதுவாப் பேசு. கோணலா வெட்டறதுக்குத்தான் நான் படாத பாடு படறேன்," என்றார் மாமா. "என்னைவிட நல்லா வெட்டறவ உங்க அக்கா. மூணு வருஷமா கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், இந்த ஸ்டூல் பக்கமே வரமாட்டேன்னுட்டா. என் கை நடுங்க ஆரம்பிச்சதும், மறுநாளே வந்து உட்கார்ந்துட்டா மாப்ளே."