அக்கா முடிச்சாத்தான்

"அக்கா, நீ முடிச்சாத்தான் நான் ஆரம்பிக்க முடியும். கம்ப்யூட்டரே சொல்லுது பாரு!"

புகழ்வேந்தன் லேப்டாப்பை அர்ச்சனாவின் முகத்துக்கு நேரே திருப்பினான். அவள் ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"இன்னாடா முடிக்கணும்? இப்பத்தான் வூட்டுக்குள்ள கால வெக்கிறேன்."

"கல்யாணம்!"

பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்குப் பாகூரில் வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை பார்க்கிறவன் புகழ். எந்த வேலை முடிந்தால் எந்த வேலையைத் தொடங்கலாம் என்று ப்ராஜெக்ட் சாஃப்ட்வேரில் அம்புக்குறி போட்டுக் கோர்ப்பதுதான் அவன் பிழைப்பு. கை சும்மா இருக்குமா? வீட்டையும் தூக்கி அதில் ஏற்றிவிட்டான். மாப்பிள்ளை அமைந்தால்தான் நிச்சயம், நிச்சயம் ஆனால்தான் மண்டபம், மண்டபம் கிடைத்தால்தான் பத்திரிகை. அக்கா தாலி கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு, வரிசையின் கடைசியில் மொட்டையாக ஒரு பெட்டி: 'புகழ்'.

அந்தப் பெட்டிக்குள் சரண்யா என்று ஒருத்தி இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணம் ஆகாத அக்காவை வைத்துக்கொண்டு தம்பி மாலை போட்டால் ஊர் வாயால் சிரிக்காது என்பது அப்பா உலகநாதனின் கட்சி. சரண்யா வீட்டிலோ அவளுக்கு மும்முரமாக இடம் பார்க்கிறார்கள். 'தைக்குள்ள வந்து பேசு. இல்லன்னா வர்றவனுக்குக் கழுத்த நீட்டிடுவேன்' என்று நேற்று போனில் அழுதுவிட்டாள். அதிலிருந்து புகழுக்குச் சோறு இறங்கவில்லை.

"நெட்டப்பாக்கம் மாப்பிள்ளைக்கு இன்னாக்கா கொறச்சல்?"

"சிரிச்சா ஈறு தெரியுது."

"வில்லியனூர்க்காரரு?"

"அவரு சிரிக்கவே இல்ல."

"திருபுவனைக்காரருக்கு அளவாத்தானே சிரிப்பு வந்துது?"

"அவங்க அம்மா மொகத்தப் பாத்துட்டு, அப்புறம் சிரிக்கிறாரு. அனுமதி வாங்கணும் போல."

அடுக்களையிலிருந்து அம்மா ஆதிலட்சுமி கத்தினாள். "டேய், மொதல்ல அந்தக் கருமத்த நிறுத்துடா! கொழம்பு கொதிக்கச்சே 'மாப்பிள்ளை பார்ப்பது தாமதம்'னு என் போன் அடிக்குது. கரும்புக் கொல்லையில உங்கப்பா போனும் அடிக்குதாம். வெட்டறவங்கள்லாம் சிரிக்கிறாங்களாம்!"

"அக்கா தலையாட்டுனா அதுவே நின்னுடும்மா."

அர்ச்சனா ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏண்டா, எனக்குக் கல்யாணம் ஆவணும்னு பெத்தவங்களவிட நீ ஏன் இந்தத் துடி துடிக்கிற?"

"பாசம்க்கா."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத பாசம். ஆனாலும் சொல்லும்போது புகழின் கண் நிஜமாகவே கலங்கியது. அதைப் பார்த்து அர்ச்சனாவுக்கு மனசு இளகிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"டேய், உன் கம்ப்யூட்டர்ல ஒரு அம்புக்குறி கொறையுதுடா. என் கல்யாணத்துக்கு முன்னால இன்னொரு வேல இருக்குது."

"இன்னா வேல?"

"ஒருத்தரு இருக்காரு. மூலக்குளத்துல எங்க ஸ்கேன் சென்டருக்கு எதுத்தாப்புல டைல்ஸ் கடை வெச்சிருக்காரு. நல்ல மனுசன். ஆனா, தங்கச்சியக் கட்டிக் குடுத்துட்டுத்தான் தன் கல்யாணப் பேச்ச எடுப்பேன்னு வூட்ல வாக்குக் குடுத்துட்டாரு. நான் இன்னா பண்ண?"

புகழுக்குக் கோபமும் வந்தது, போன உயிரும் வந்தது. எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவன் தொழிலில் பாதி வேலை முடிந்த மாதிரி.

"ப்பூ, இவ்ளோதானா! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஈறு, பல்லுன்னு கத வுட்டுக்கினு! ஆமா, அந்தத் தங்கச்சிக்கு ஏன் இன்னும் ஆவல? மூஞ்சி அவ்ளோ லட்சணமா?"

"வாயக் கழுவுடா. பொண்ணு கிளி மாதிரி இருக்குமாம். வர்ற எடத்தையெல்லாம் தட்டிக் கழிக்குதாம். எவனையோ நெனச்சிகினு இருக்குதாம்."

"நெனச்சவனையே கட்டி வெக்க வேண்டிதானே? அவன் எவனா இருந்தா இன்னா? சட்டையப் புடிச்சி இழுத்தாந்து நான் கட்ட வெக்கிறேன், பாரு."

சொன்ன கையோடு வரிசையின் தலையில் புதிதாக ஒரு பெட்டி போட்டான். 'தங்கச்சி கல்யாணம்.' அதிலிருந்து அக்காவின் கல்யாணத்துக்கு ஓர் அம்புக்குறி இழுத்தான். 'இந்த வேலைக்குப் பொறுப்பு யார்?' என்று சாஃப்ட்வேர் கேட்டது. சற்றும் யோசிக்காமல் 'புகழ்வேந்தன்' என்று அடித்தான்.

"யம்மா! அக்கா கல்யாணத்துக்கு வழி பொறந்துடுச்சி. நான் பொறுப்பு!"

"நீ மொதல்ல உன் தட்ட கழுவறதுக்குப் பொறுப்பாவுடா!" என்றாள் ஆதிலட்சுமி.

அர்ச்சனா சிரித்துவிட்டாள். தம்பி இவ்வளவு நல்லவன் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"சரி, பொண்ணு பேரு, ஊரு சொல்லு. பெட்டியில முழுசாப் போடணும்."

"சரண்யா, அரியாங்குப்பம்," என்றாள் அர்ச்சனா. "ஆனா நீ போயி சட்டையப் புடிச்சும் பிரயோஜனம் இல்லடா. 'எங்க அக்காவுக்கு மொதல்ல ஆவட்டும், எங்க அக்காவுக்கு மொதல்ல ஆவட்டும்'னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிக்கினே காலத்த ஓட்டறானாம், பயந்தாங்கொள்ளிப் பய!"