சில்லு இரைக்கும் நேரம்

மார்கழிக் குளிரில் நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டிருந்தது.

கட்டிலுக்கு அடியில். சுவரோடு ஒட்டி.

அவள் தண்ணீர்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். சில்லு அதைப் பார்க்கக்கூட இல்லை. விலா ஏறி ஏறி இறங்கியது. கால்கள் நடுங்கின.

வெயிலில் ஓடிவந்தால் இப்படி இரைக்கும். ஆனால் காலையிலிருந்து அது வீட்டைவிட்டு இறங்கவே இல்லை.

பக்கத்து வீட்டு நேசமணி எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குளுருல எதுக்குக்கா இப்படி இரைக்குது? நெஞ்சுல ஏதாச்சும் இருக்கப்போவுது. டாக்டர்கிட்ட காட்டிருங்க."

மறுநாள் ஆட்டோவில் வைத்துக் கோத்தகிரிக்குக் கொண்டுபோனாள்.

கால்நடை மருத்துவர் சின்ன வயதுப் பெண். நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். வயிற்றை அமுக்கினார். காய்ச்சல் பார்த்தார்.

மேஜைமேல் சில்லு வாயை மூடி அமைதியாகப் படுத்திருந்தது.

"நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காதுங்க. சூட்டைத் தணிக்கத்தான் இரைக்கும். சும்மா கிடக்கும்போது இரைச்சா இதயமா, நுரையீரலா, எங்கயாச்சும் வலியான்னு பார்க்கணும். ஈறு நீலமாச்சுன்னா உடனே தூக்கிட்டு ஓடி வரணும். இதுக்கு அப்படி எதுவும் தெரியல."

கொஞ்சம் நிறுத்தினார்.

"பயத்துலயும் இரைக்கும். எப்பெல்லாம் இரைக்குது?"

"சாயங்காலம். மேட்டுப்பாளையம் பஸ் வர்ற நேரத்துல."

"அந்த பஸ்ஸுல யாராச்சும் வருவாங்களா?"

அவள் சில்லுவின் காதைத் தடவினாள்.

"வந்துட்டிருந்தாருங்க. என் வீட்டுக்காரர். சித்திரையில தவறிட்டாரு."

அடக்கத்துக்கு வந்த எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே சொன்னார்கள். அருள்தாஸ் தங்கமான மனுஷன். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

உண்மைதான். அவர் குரலை உயர்த்தியதில்லை.

கதவைத் தாழிடுவார். ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் பார்த்தது சில்லு மட்டும்தான்.

மருத்துவரின் பார்வை அவளுடைய இடது மணிக்கட்டில் நின்றது. எலும்பு கோணலாகக் கூடியிருந்தது.

"மருந்து வேண்டாங்க. அந்த நேரத்துல கூடவே இருங்க. இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு அதுக்குத் தெரியணும்."

அன்று மாலை வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

சில்லு கட்டிலுக்கு அடியில் புகுந்தது.

வழக்கமாக அந்த நேரத்தில் அவள் சமையலறையில் இருப்பாள். அருள்தாஸ் செருப்பைக் கழற்றும்போது டீ கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் போன பிறகும் அவள் அடுப்பைப் பற்றவைக்காமல் இருந்ததில்லை.

இன்று பற்றவைக்கவில்லை.

தரையில் படுத்தாள். கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி நாயின் முதுகில் வைத்தாள்.

"யாரும் வரல, சில்லு. யாரும் வரமாட்டாங்க."

வெளியே யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தார்கள். வாசலுக்கு நேரே வந்தார்கள். கடந்து போனார்கள்.

அவள் கைக்குக் கீழே விலா மெல்ல மெல்ல அடங்கியது. சில்லு நாக்கை உள்ளே இழுத்தது. வாயை மூடிக்கொண்டது.

ஆனால் மூச்சிரைக்கும் சத்தம் நிற்கவில்லை.

சில்லு திரும்பி, வாய் திறந்திருந்த அவள் முகத்தைப் பார்த்தது.