ஆர்கனுக்கு வேலை இல்லாத பாட்டு

ஆர்கன் குழாய்களுக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

பியூலாவுக்கு அதுதான் முதலில் உறுத்தியது. இந்தப் பாட்டில் ஆர்கனுக்கு வேலையே கிடையாது. டிரம்ஸ் இருக்கிறது, பேஸ் கிடார் இருக்கிறது, எங்கிருந்தோ பிடித்துவந்த சாக்ஸபோன்காரர்கூட இருக்கிறார். பிறகு எதற்குச் செல்வின் அண்ணன் ஆர்கனைப் போட்டுவிட்டு, அதன் முன்னால் சாதுவாக உட்கார்ந்திருக்கிறார்?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை. ராயப்பேட்டையின் பாதி ஜனம் ஆலயத்துக்குள்தான் இருந்தது. மீதி, வாசலில் வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தது.

பாட்டு பழைய பாட்டுதான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு பெரிய தேவாலயத்துக்காக முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியது. புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இம்மியும் அசையாமல் நின்று பாடுவது ஆலயப் பாடகர் குழுவான இந்தக் கொயரின் வழக்கம். அதில் கடைசிப் பக்கத்தில் ஒரு டாப் நோட் வரும். மற்றவர்கள் கீழே பிடித்துக்கொள்ள, ஒருத்தி மட்டும் மேலே ஏற வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஒருத்தி பியூலாதான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். டாப் நோட்டை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

புது கொயர் மாஸ்டர் ஆரோன் வந்தபிறகு எல்லாம் தலைகீழ். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ஆலயங்களில் பாடுகிற பாணிக்குப் பாட்டை மாற்றி எழுதினான். ஒருவர் பாட, மற்றவர்கள் பதில் பாட வேண்டுமாம். இடுப்பை அசைக்க வேண்டுமாம். அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், சில இடங்களில் அவள் கால் அவளைக் கேட்காமலே தாளம் போட்டது. ஆனால் டாப் நோட் வருகிற இடத்தில் மொத்தக் கொயரும் கைதட்டி 'ஆமென்' என்று கத்த வேண்டும் என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பக்கங்களில் கத்துவதற்கு வேறு இடமா கிடைக்கவில்லை?

இதில் செல்வின் அண்ணனுக்கும் பங்கு உண்டு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போன வாரம் ஆரோனும் அவரும் ஆலயத்தை ஒட்டிய வெஸ்ட்ரி அறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் உள்ளே போனதும், டீ ஆறிப்போய்விட்டது என்று பேச்சு மாறியது.

அவரைத் தெரியாதா அவளுக்கு? சில வருஷங்களாகவே அந்த இடம் வந்தால் ஆர்கனில் இருக்கிற அத்தனை குழாயையும் திறந்துவிடுவார். ஜன்னல் கண்ணாடி அதிரும். அவள் நோட் அதில் மூழ்கிப்போகும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பாட்டு முடிந்த கையோடு போய்ச் சண்டை போடுவாள். அவரிடம் இருந்தது ஒரே பதில்.

"கை தவறிடுச்சும்மா."

இன்றைக்கு இன்னொன்றையும் கவனித்தாள். ஆர்கன் வாசிக்கிறவர் கொயருக்கு முதுகு காட்டி உட்காருவதால், மாஸ்டரின் கையைப் பார்ப்பதற்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி மாட்டியிருக்கும். அது ஆரோன் பக்கம் இல்லை. அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதற்குள் செல்வின் அண்ணனின் கண்கள்.

என்னவோ திட்டம் போட்டிருக்கிறார்கள்.

போடட்டும். அவளிடமும் ஒரு திட்டம் இருந்தது. "பீட்டுக்குக் கொஞ்சம் பின்னாடியே வாங்க ஆன்ட்டி, இந்த ஸ்டைல்ல அதான் அழகு" என்று சொல்லிக்கொடுத்தது ஆரோன்தானே? பின்னாலேயே வரப்போகிறாள். கைதட்டலும் ஆமெனும் அடங்கியபிறகு ஒரு மூச்சு நேரம் எல்லாம் நின்றுபோகும். டாப் நோட்டை அங்கே வைப்பாள். எவர் வந்து மூடுகிறார் என்று பார்த்துவிடலாம்.

ஒத்திகையில் இதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. ஒத்திகையில் எப்போதுமே அந்த நோட்டைத் தொடமாட்டாள். தொண்டையைக் காப்பாற்ற ஒரு ஸ்தாயி கீழே பாடிவிட்டுப் போய்விடுவாள். பெரிய பாடகிகள் எல்லாம் அப்படித்தான். டாப் நோட் வருஷத்துக்கு ஒரே தடவை, ஆண்டவருக்கு.

டிரம்ஸ் சூடுபிடித்தது. முன் பெஞ்சில் ஆயரின் மனைவியே தோளை அசைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கம் புரண்டது. கொயர் மொத்தமும் கைதட்டியது. ஆமென்!

பியூலா காத்திருந்தாள். எல்லாம் நின்றது.

வாயைத் திறந்தாள்.

காற்று வந்தது.

வெறும் காற்று. ஜலதோஷத்தில் கரகரக்கிற தொண்டை அல்ல இது. வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தாற்போல இருந்தது. அங்கே யாரும் குடியிருந்தே பல காலம் ஆகியிருந்தது. தன் குரலை அந்த இடத்தில் தனியாக அவள் கேட்பது எத்தனையோ வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

அந்தக் காற்று முடிவதற்குள் ஆர்கன் முழங்கியது.

அத்தனை குழாயும். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆரோன் திடுக்கிட்டுத் திரும்பினான்; அவன் எழுதியதில் அப்படி ஒன்று இல்லை. ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்தில் நின்ற ஷைனி, கண் கலங்கி, அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

பாட்டு முடிந்தது. வழக்கமாக அவள் சண்டைக்குப் போகிற நேரம்.

போனாள். செல்வின் அண்ணன் மோட்டாரை அணைத்துவிட்டு, கண்ணாடியைப் பழையபடி மாஸ்டர் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக இப்படி மூடிவருகிறார் என்று கேட்கத்தான் வந்திருந்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

கண்ணாடியில் அவள் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். திரும்பாமலே சொன்னார்.

"கை தவறிடுச்சும்மா."