காரை பிடித்த வாய்

பல் சுத்தம் செய்யப் பயிற்சி தரும் அந்தக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தால் அழுக்கின் மேல் ஆசை வந்துவிடும். செய்முறைத் தேர்வுக்கு, பல்லில் கெட்டியாகக் காரை பிடித்த ஒரு ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும். காரை இல்லையென்றால் சுரண்ட ஒன்றுமில்லை. சுரண்டாதவளுக்கு மதிப்பெண்ணும் இல்லை. சுகிர்தா, லாரி ஷெட் காவலாளி பொன்னுரங்கத்தைப் பிடித்தாள். "பரீட்சை முடியிற வரைக்கும் பல்லு வெளக்காதீங்கண்ணே" என்று கெஞ்சினாள். வாராவாரம் போய் வாயைத் திறக்கச் சொல்லி, காரை ஏறியிருப்பதைப் பார்த்துப் பூரித்தாள். தேர்வன்று அவர் சலவைச் சட்டையில், மனைவி அஞ்சலையோடு வந்து வாயைத் திறந்தார். பல்லெல்லாம் வெள்ளை. ஈறெல்லாம் இரத்தம். "படிச்சவங்க பாக்கிற வாயாச்சேம்மா, அசிங்கமாவா காட்டுறது? காலையில ஊக்கால சுரண்டி எடுத்துட்டேன்." தேர்வாளர் எட்டிப் பார்த்தார். இரத்தம் அவர் பாடத்திட்டத்தில் இல்லை போலும். "சுத்தமா இருக்கே, இதுல நீ என்னத்தக் கிழிப்பே? பத்து நிமிஷத்துல வேற ஆளக் கொண்டா" என்று அடுத்த நாற்காலிக்குப் போனார். பொன்னுரங்கம் வாயைத் துடைத்துக்கொள்ளப் பஞ்சு கேட்டார். சுகிர்தாவுக்கு அது காதில் விழவில்லை. அவள் அஞ்சலையின் வெற்றிலைப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கொஞ்சம் வாயத் திறங்களேன்." புருஷனின் சட்டையில் சொட்டிய சிவப்பைப் பார்த்தபடி அஞ்சலை வாயை இறுக மூடிக்கொண்டாள். கையில் பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியோடு சுகிர்தா இன்னும் நிற்கிறாள்.