பட்டறையில் நின்ற வண்டி

"தேதியை மட்டும் மாத்திப் போட்டுக் குடுங்கண்ணா. வேற ஒண்ணும் கேக்கலையே நானு."

கார்த்தி கெஞ்சினான். மெக்கானிக் காளியண்ணன் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"அது ஆகாது தம்பி."

தலை மறுபடி உள்ளே போய்விட்டது.

மலை மேல், செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பட்டறை. காலையிலிருந்து விடாத மழை. கார்த்தி நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான். அவனுடைய வாடகைக் கார் இன்ஜின் போய், அங்கே கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது.

வாரண்டி இன்னும் பாக்கி இருக்கிறது. வெளியில் சர்வீஸ் செய்ததைக்கூடக் கம்பெனிக்காரர்கள் குற்றம் சொல்லவில்லை.

"எங்க ஆயிலும் ஃபில்டரும் போட்டிருக்கணும். மெக்கானிக் பில் வேணும். இருபதாம் தேதிக்குள்ள சர்வீஸ் ஆகியிருக்கணும். மூணும் இருந்தா நாங்களே சரி பண்ணித் தர்றோம்" என்றார்கள்.

ஆயிலும் ஃபில்டரும் கார்த்தி முன்கூட்டியே வாங்கிவிட்டான். அந்த பில் சரியாக இருந்தது. ஆனால் காளியண்ணன் அவற்றை வண்டியில் போட்டது அந்தக் கெடு தாண்டி அடுத்த மாதம், கார்த்தி தன் அம்மாவின் கருமாதிக்கு மலைக்கு வந்திருந்த அன்று. அந்தத் தேதியைத்தான் அவர் பில்லில் எழுதியிருந்தார்.

"எல்லா சர்வீஸும் உங்ககிட்டத்தானுங்களே விட்டேன்? எனக்கு வரத் தோதுப்படலைன்னாலும் வேற டிரைவர்கிட்டக் குடுத்து வண்டியை இங்கதானே அனுப்பினேன்?"

"நான் இல்லேங்கலையே."

"வாரண்டி போச்சுன்னா இன்ஜின் செலவுக்குக் கடன் வாங்கோணும். வண்டியை வித்தாத்தான் அது தீரும். அப்புறம் நான் எதை ஓட்டிப் பொழைக்கறது?"

காளியண்ணன் ஸ்பேனரால் ஒரு நட்டை முறுக்கத் தொடங்கினார்.

பக்கத்து டீக்கடை அம்சவேணி ஒரு டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்புப் பக்கம் குனிந்தாள்.

"ஏனுங்கண்ணா, ஒரு தேதிதானுங்களே? எழுதிக் குடுத்தா உங்க கை தேஞ்சா போயிரும்?"

"நல்லாக் கேளுங்கக்கா." கார்த்தி அவள் பக்கம் திரும்பினான். "அந்த வாரம் எங்கம்மா சாகக் கெடந்துச்சு. நான் அம்மாவைப் பாப்பனா, வண்டி சர்வீஸைப் பாப்பனா?"

அம்சவேணி உச்சுக்கொட்டினாள். மழைக்கு ஒதுங்கி நின்ற மிளகு வியாபாரி ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"தாயைப் புதைச்ச மண்ணு இன்னும் காயலை. அந்தப் பையனைப் போயி இப்படி நிக்க வெக்கறாரே. என்ன மனுசனோ!"

நாலு பேர் தன் பக்கம் இருக்கிறார்கள் என்றதும் கார்த்திக்குத் தைரியம் வந்தது.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? அண்ணன் அரிச்சந்திரன் பரம்பரைங்க. வாயில பொய்யே வராது."

ஸ்பேனர் சத்தம் நின்றது. காளியண்ணன் வெளியே வந்தார். கையைக் கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். கார்த்தியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பொய்யும் சொல்லியிருக்கேன் தம்பி. நீ கேக்கற அதே வாரந்தான் சொன்னேன்."

"யாருகிட்டங்க?" என்றாள் அம்சவேணி.

"இவங்கம்மாகிட்ட. பட்டறையைப் பூட்டிட்டு ஊட்டுக்குப் போற வழியில, ஒரு வாய் கஞ்சி குடுத்துட்டுப் போவேன். எந்நேரமும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கும். ‘கார்த்தி போன்ல பேசினான். வண்டியை சர்வீஸுக்கு விட்டிருக்கானாம், எடுத்ததும் வாரேன்னான். வண்டி உன்கிட்டத்தானே நிக்குது காளியண்ணா?’ன்னு என்னைக் கேக்கும்."

கார்த்தி டீயைக் குடிக்கவில்லை. அந்த வாரம் வரிசையாக முகூர்த்தம். வாங்கிய ஆயில் டின் பிரிக்காமல் டிக்கியிலேயே கிடக்க, வண்டி கல்யாணக்காரர்களை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கும் ராசிபுரத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

மிளகு வியாபாரி மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கு நீங்க என்னங்கண்ணா சொன்னீங்க?" அம்சவேணி மெதுவாகக் கேட்டாள்.

காளியண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி ஜீப்புக்கு அடியில் போனார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"‘ஆமா ஆத்தா, என் பட்டறையிலதான் நிக்குது. நாளைக்கு வந்துருவான்’னு, அது கண்ணை மூடற வரைக்கும் சொன்னேன்."